பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்தலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், ஐந்து மாதமாகப் பராமரிப்புத் தொகை வராத ஒரு வீட்டின் தண்ணீர் வால்வைச் சென்ற மாதம் சங்கத்தார் மூடிவிட்டார்கள். பாக்கி வைத்தவர் வெளியூரில் இருக்கும் உரிமையாளர். தவித்தவர்களோ வாடகையைத் தவறாமல் கொடுத்துவந்த குடித்தனக்காரர்கள். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மா குடத்தோடு மூன்று மாடி ஏறியதைப் பார்த்த பிறகுதான் சங்கத்தின் துணைவிதிகளையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்து முழுவதும் படித்தேன்.

நிலுவை வைத்தால் தண்ணீர் நிறுத்தப்படும், நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதமும் உண்டு என்று பொதுக்குழு தீர்மானித்திருக்கிறது. பெரும்பான்மையோர் கை உயர்த்தியதாலேயே அது சட்டமாகிவிடாது. எங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. அதன் துணைவிதிகள் உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் போன்றவையே. ஒப்பந்தம் என்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: எவ்வளவு பெரிய தொகையை எழுதிவைத்திருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் வழங்கும். ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இலேயே இதை விளக்கிவிட்டது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புக்கு 3,000 ரூபாய் அபராதம் என்பதை எந்த இழப்பைக் காட்டி நியாயப்படுத்துவது?

தண்ணீர் நிறுத்தம் இதைவிடக் கொடியது. மின்சாரம் ஒருவருக்கு மறுக்கக்கூடாத அடிப்படை வசதி என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. குடிநீரையும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்தே நீதிமன்றங்கள் பார்த்துவருகின்றன.

பாக்கி வைப்பவருக்காக நான் பேசவில்லை. காவலருக்குச் சம்பளமும் மோட்டாருக்கு மின்கட்டணமும் அந்தப் பணத்திலிருந்துதான் போகின்றன. அதை வசூலிக்க உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பலாம். நியாயமான வட்டி கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கடன்காரரிடம் செய்ய வேண்டியதை அவர் வீட்டில் குடியிருப்பவரிடம் செய்வது வசூலாகாது.

இவற்றையெல்லாம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். அன்று மாலையே வால்வைத் திறந்துவிட்டார்கள். நாளுக்கு 100 ரூபாய்க் கணக்கு மட்டும் அறிவிப்புப் பலகையில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்தை நீக்கக் கோரியிருக்கிறேன்.