வயிற்றுவலி லீவு

இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் மனேஜரின் குரல்பதிவு: "நாளைக்கு வசூல் குறைஞ்சால் கந்தோருக்கு வரவேண்டாம்."

கிளிநொச்சியில் நுண்கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. இங்கே காலபோக நெல் பெப்ரவரி, மார்ச்சில்தான் வீடு வரும். அதற்கு முதல் பரந்தன் விவசாயியிடம் வாராவாரம் காசு எங்கே இருக்கும்? சொன்னால், "சாட்டுச் சொல்லாதையும்" என்கிறார் மனேஜர். (அவர் வயலில் கால் வைத்ததை நான் கண்டதில்லை.)

சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் ஒழுங்காக வெட்டுகிறார்கள். கம்பனி போடவேண்டிய 12 வீதம் எங்கே என்று கேட்டேன். அடுத்த நாளே மாங்குளத்துக்கு மாற்றம். பெற்றோல் என் காசு.

கூட இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. சரி, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாளை தொழில் திணைக்களத்துக்குப் போகிறேன். லீவுக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதியாயிற்று.