கௌபாய் போட்டித் துப்பாக்கிக்கு நல்ல கன்ஸ்மித் அமைவது

எங்கள் அரிசோனா கிளப்பில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் கேட்பது, எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்பதுதான். வாங்கியதை யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. மற்றத் துப்பாக்கி விளையாட்டுகளில் துப்பாக்கியைப் பழுதுபார்த்துச் சீரமைக்கும் கன்ஸ்மித் இல்லாமலே பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம். கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்ற, பழைய கௌபாய் காலத் துப்பாக்கிகளால் சுடும் போட்டியில் அது நடக்காது.

அதற்கும் முன்னால் ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கிறார்கள். இத்தகைய தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா விஷயத்தில் விளையாட வேண்டாம்.

இந்த விளையாட்டின் தலைமை அமைப்பு சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, 1987-இல் தொடங்கப்பட்டது. சேரும் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரைப் பதிவு செய்கிறார்கள், ஒருவர் பெயர் மற்றவருக்குக் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையில் வந்து, நான்கு துப்பாக்கிகளால் கடிகாரத்துக்கு எதிராகச் சுடுகிறார்கள்: சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு முறை சுடும் முன்னும் ஹாமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, கையால் பின்னுக்கு இழுக்க வேண்டியது) இரண்டு, கைத்துப்பாக்கித் தோட்டாவில் இயங்கும், அடியிலுள்ள நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிள் ஒன்று, பழைய பாணி ஷாட்கன் ஒன்று. ஒரு குறி தவறினால் ஐந்து நொடி கூடும். ரிவால்வரின் சுழலும் சிலிண்டரில் தோட்டா போட ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்தைத்தான் நிரப்பலாம். ஹாமர் காலி அறையின் மேல் இறங்கியிருக்க வேண்டும்.

இதற்கான துப்பாக்கிகளின் வடிவமைப்பெல்லாம் தாத்தா காலத்தவை. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் வின்செஸ்டர் லீவர் ரைபிளும் 1873-ஐச் சேர்ந்தவை, வின்செஸ்டர் பம்ப் ஷாட்கன் 1897-ஐச் சேர்ந்தது. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது இத்தாலியின் ஊபெர்ட்டி செய்யும் நகல்கள் அல்லது 1993-இல் வந்த ரூகர் வக்கேரோ. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் கனமாக இருக்கும், உள்ளே பிசிறுகள் இருக்கும். அதோடு இந்த விளையாட்டில் ஒரு துப்பாக்கி ஒரு வருடத்தில் படும் பாட்டை வேட்டைக்காரரின் துப்பாக்கி ஆயுள் முழுவதும் படாது. கன்ஸ்மித் இல்லாமல் ஆகாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஏஆர்-15 வகை நவீன ரைபிள்களிலும் கிளாக் கைத்துப்பாக்கிகளிலும் கைதேர்ந்த ஒருவர், கோல்ட் ரிவால்வரின் தகட்டு ஸ்பிரிங்கைக் கண்டதும் தயங்கக்கூடும். அவர் திறமையில்லாதவர் என்று பொருளல்ல, அது வேறு வேலை. ஆகவே தேடலின் முதல் வடிகட்டி, கௌபாய் துப்பாக்கிகளை இவர் வாரந்தோறும் தொடுகிறாரா என்பது.

இரண்டாவது வடிகட்டி நாம்தான். துப்பாக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்கு எந்தக் கன்ஸ்மித்தும் நல்லவராகத்தான் தெரிவார். நான் இதைக் கற்றுக்கொண்டது, தேசிய ரைபிள் சங்கத்தின் ஏற்பாட்டில் சில கம்யூனிட்டி கல்லூரிகள் கோடையில் நடத்தும் குறுகிய காலப் பயிற்சியில். கொலராடோவின் டிரினிடாட் ஸ்டேட் கல்லூரியில் 1947 முதலே கன்ஸ்மித் படிப்பு உண்டு. இங்கே பிரெஸ்காட்டில் யவபாய் கல்லூரியும் முழுநேரப் படிப்பு நடத்துகிறது. முழுப் படிப்பு நமக்குத் தேவையில்லை. குறுகிய வகுப்புக்குப் போவதானால் சொந்தத் துப்பாக்கியில் வேலை செய்ய அனுமதிக்கும் வகுப்பைப் பாருங்கள். என் ஆசிரியர் முதலில் அரத்தைத் தொடவே விடவில்லை. ரிவால்வரைப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எதன்மேல் உரசுகிறது என்று தேய்மானத்தைப் பார்த்து நோட்டில் வரையச் சொன்னார். வகுப்பில் கற்றதில் இன்றுவரை பயன்படுவது அந்த வரைபடங்கள்தான். மெருகேற்றும் கல்லைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் என் துப்பாக்கியின் விசைமுனையில், அதாவது ஹாமரைப் பிடித்து நிறுத்தும் டிரிகர் முனையில், நானே கல்லை வைக்க மாட்டேன். அதன் மேற்பரப்பில் இருக்கும் கடினமான தோல் மிக மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் அடியிலிருக்கும் மென்மையான இரும்பு வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள்; நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக்கூடாது. பிறகு ஹாமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழு நிலையை எட்டும் அதே கணத்தில் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஹாமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் தளர்ந்திருந்தால் ஒத்திசைவு பிந்துகிறது என்று அர்த்தம். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பாருங்கள், ஓர் அறை மட்டும் கோளாறாக இருப்பதும் உண்டு. அடுத்து, முழு நிலையில் நிற்கும் ஹாமரை, விசையைத் தொடாமல், பெருவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கி கன்ஸ்மித்தின் மேசைக்குத்தான் போக வேண்டும், போட்டிக்கு அல்ல. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் அளக்கலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் ஆறு பங்கு வரை இருந்தால் நல்லது.

சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருந்தால் உடனே பதற வேண்டாம். ரூகரில் அது சகஜம். கோல்ட் வகையில், ஹாமரைப் பாதி இழுத்த நிலையிலிருந்து நேரே கீழே இறக்கும் பழக்கம் இருந்தாலும் கோடு விழும். அங்கே குற்றம் துப்பாக்கியினுடையது அல்ல, கையினுடையது. இந்தக் கோட்டைக் காட்டி என்ன காரணம் என்று கேட்டால், நல்ல கன்ஸ்மித் உங்களைப் பார்த்து, ஹாமரை எப்படி இறக்குகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்காமல் பாகத்தை மாற்றிவிடலாம் என்று ஆரம்பிப்பவரிடம் நான் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுவேன்.

ஆளை எடைபோட நான் நம்புவது இதைத்தான்: அவர் சொல்லும் பதில்களைவிட, கேட்கும் கேள்விகள். எந்த பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கிறாரா? ஸ்பிரிங்கை இலகுவாக்கினால் ஹாமர் மெதுவாக அடிக்கும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் மெல்லிய அடிக்கும் வெடிக்கும், வேறு சில பிரைமர்கள் அப்படி வெடிப்பதில்லை. பிரைமரைக் கேட்காமல் ஸ்பிரிங்கைக் குறைப்பவர், அளவெடுக்காமல் துணியை வெட்டும் தையல்காரர். தோட்டாவை நீங்களே தயாரிக்கிறீர்களா, அதன் மொத்த நீளம் என்ன என்று கேட்கிறாரா? லீவர் ரைபிளில் தோட்டாவின் நீளம் மாறினால் தோட்டா ஏறுவதே சிக்கலாகும். எந்தப் பிரிவில் சுடுகிறீர்கள், கரிமருந்தா புகையற்ற மருந்தா, கை சிறியதா பெரியதா என்றெல்லாம் கேட்பவரிடம் கொஞ்சம் அதிக நேரம் உட்காரலாம்.

அவர் எதை மறுக்கிறார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். என் துப்பாக்கிகளைப் பார்க்கும் பெரியவரிடம் ஒருமுறை விசையை இன்னும் இலகுவாக்கித் தரச் சொன்னேன். “முடியும். ஆனால் செய்ய மாட்டேன்” என்றார். “ஐயா, போட்டியில் எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்?” என்றேன். “எல்லோருக்கும் நான் வேலை செய்வதில்லையே. குளிரில் விரல் மரத்துப்போன காலை வேளையில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது நான்தான்” என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து வேறு யாரிடமும் நான் போனதில்லை.

ரைபிளில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். 1873 ரைபிளில் லீவரின் ஓட்டத்தைக் குறைக்க, உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றும் ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ வேலை இந்த விளையாட்டில் மிகப் பிரபலம். தோட்டாவைக் குழலுக்கு நேராகத் தூக்கும் பித்தளை கேரியரைக் கழற்றி இலகுவான அலுமினியம் போடுவதும் உண்டு. இவை தவறில்லை. ஆனால் அந்த ரைபிளில், லீவர் முழுவதும் மூடியிருந்தால்தான் விசை இயங்கும்படி ஒரு சிறிய தடுப்பு இருக்கிறது. தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் சரியாக மூடும்முன் தோட்டா வெடித்தால் காயப்படுவது சுடுபவரின் முகமும் கையும்தான். வேகத்துக்காக அந்தத் தடுப்பை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவருடைய மற்ற வேலைகள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். புதிதாகச் சுடுபவருக்கு ஷார்ட் ஸ்ட்ரோக்கே அவசரமில்லை. தொழிற்சாலை ஓட்டத்தில் ஒரு பருவம் சுட்டுவிட்டு முடிவெடுங்கள். ஷாட்கனுக்கு அறைகளை மெருகேற்றி, வெற்றுக் கூடுகள் தானாக வழுக்கி விழச் செய்தால் போதும். பழைய 1897 பம்ப் வாங்கியிருந்தால் மட்டும் தேய்மானத்தை முழுவதுமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எங்கே தேடுவது? போட்டிக்குப் போய் வேடிக்கை பாருங்கள். முதல் இடத்தில் வருபவரைக் கேட்பது இயல்பு. நான் நடுவரிசைக்காரர்களைக் கேட்பேன். சாம்பியன்களின் வேலையைக் கன்ஸ்மித்துகள் முந்திக்கொண்டு முடித்துத் தருவார்கள், அவர்களிடம் மாற்றுத் துப்பாக்கியும் இருக்கும். நடுவரிசைக்காரருக்கு எவ்வளவு நாளில், எப்படி வேலை நடந்தது என்பதுதான் உங்களுக்கும் நடக்கப்போவது. கடைசிக் கட்டத்திலும் யாருடைய ரைபிள் மக்கர் செய்யாமல் ஓடுகிறது என்று கவனித்து, சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் காலி செய்யும் மேசையில் அவர் வேலையை முடித்து நகர்ந்த பிறகு பேச்சுக் கொடுங்கள். நல்லவரா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “சரிசெய்த துப்பாக்கி மறுபடி பழுதானபோது என்ன செய்தார்?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் எல்லாம் இருக்கிறது.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலாகத் துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குக் கூட்டாட்சி உரிமம் வேண்டும். துப்பாக்கி இரவு அவர் கடையில் தங்குமானால் தன் பதிவேட்டில் வரவு வைக்க வேண்டும். எழுதாமல் வாங்கி வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். உரிம எண் உண்மையா என்று துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் இணையதளத்தில் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. கொடுத்த ஆளுக்கே திருப்பித் தரும்போது வாங்கும் படிவம் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை. நல்லவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் அவருக்கு அனுப்பலாம், அவர் நேரே உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் பார்சல் நிறுவனங்களின் விதிகள் கெடுபிடியானவை, அடிக்கடி மாறுபவை. உள்ளூர் உரிமம் பெற்ற கடை மூலம் அனுப்புவது தலைவலியைக் குறைக்கும்.

ஒப்படைக்கும்போது தொடர் எண், செய்ய வேண்டிய வேலைகள், மதிப்பிட்ட தொகை, நாள் ஆகிய நான்கும் தாளில் இருக்கட்டும். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர்கள் கேட்காமலே தருகிறார்கள். முதல் முறையே நான்கு துப்பாக்கிகளையும் கொடுத்துவிடாமல் ஒரு ரிவால்வரை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

திரும்ப வந்ததும் மேலே சொன்ன சோதனைகளை மறுபடி செய்யுங்கள். ரைபிளுக்கு மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களைப் பயிற்சிக் களத்தில் முதலில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு நிஜத் தோட்டாவை ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் முழுதாக. வேலை முடிந்த துப்பாக்கியை நேரே போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏதாவது சரியில்லை என்றால் கிளப்பில் புலம்புவதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள். எந்தப் பிரைமர், எத்தனையாவது தோட்டா, எந்த அறை என்று குறித்துக்கொண்டு போனால் அவர் வேலை பாதியாகிவிடும்.

ஃபீனிக்ஸில் பென் ஏவரி களத்தில் நடக்கும் தேசியப் போட்டியான வின்டர் ரேஞ்ச் குளிர்காலத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் இங்கே நல்ல கன்ஸ்மித் யாரும் உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார். வெயிலில் யாரும் வெளியே வராத ஜூன், ஜூலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்போது உட்கார்ந்து பேசவும் அவருக்கு நேரம் இருக்கும்.