முன்னாலும் லிமிட்டுக்குள்தானே இருந்தது?

விமான இன்ஜினில் ஆயில் பிரஷர் அதிகமானால் திறந்து, மிச்ச ஆயிலைத் திருப்பி விடுகிற ரிலீஃப் வால்வுக்கு வாஷர் போடுவது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. மேனுவலே சொல்லித் தருகிற வேலைதான். மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் சேர்த்தால் பிரஷர் ஏறும், எடுத்தால் இறங்கும். லாக்புக்கிலும் எழுதிவிட்டுத்தான் மூடினேன். அப்படியிருந்தும், வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் முன் சீனியர் அண்ணன் கேட்டது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"எதுக்குத் தம்பி போட்டே?"

"இப்போ எழுபதுக்கு வந்துடுச்சு அண்ணே, லிமிட்டுக்குள்ள நல்லா நிக்குது."

"முன்னாலயும் லிமிட்டுக்குள்ளதானே இருந்தது?"

ஆமாம், இருந்தது. லைகோமிங் ஓ-320, சின்ன விமானத்து இன்ஜின், முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கிற ஓவர்ஹால் முடிந்து வந்த கையோடு பறந்தது. கேஜில் சரியான அளவைக் காட்டும் பச்சைப் பட்டை 60 முதல் 90 பிஎஸ்ஐ. குரூஸில் ஊசி 62-ல் நின்றது, ஆயில் சூடு 90 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். இறங்கிய பிறகு சூடான ஐடிலில், அதாவது இன்ஜின் சும்மா மெதுவாக ஓடும்போது, 35-க்கு மேல். அங்கே 25 இருந்தாலே போதும். விமானத்தின் சொந்தக்காரருக்கு மட்டும் மனசே ஆறவில்லை. "இவ்வளவு செலவு பண்ணியும் ஊசி அடி விளிம்புல நிக்குதே, புது இன்ஜின்னா நடுவுல நிக்க வேண்டாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். அவர் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. ஆயில் பிரஷர் என்றால் பைலட்டுக்கு அது வெறும் எண் இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. சரிபார்க்கிற மாஸ்டர் கேஜ் மாட்டிப் பார்த்தேன், காக்பிட்டில் இருப்பதும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றையே காட்டின. ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். புது பிஸ்டன் ரிங் தேயும்போது வருகிற மாதிரி மினுமினுப்பான தூள், அவ்வளவுதான். வால்வின் பந்தையும் சீட்டையும் பார்த்தேன், உலோகச் சில்லோ கரித்துகளோ ஒட்டியிருந்தால் வால்வு முழுசாக மூடாமல் பிரஷர் விழும். சுத்தமாக இருந்தது. இத்தனைக்கும் பிறகுதான் வாஷர்.

அப்புறம் ஒரு விஷயம், இதை அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். பேரிங் கிளியரன்ஸ், அதாவது பேரிங்குக்கும் சுழலும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சரியில்லாமல் இருந்தால் அந்த வாஷரால் அதை மறைக்க முடியாது. சூடான ஐடிலில் பிரஷர் அவ்வளவு கீழே இருக்கும்போது வால்வு மூடித்தான் கிடக்கும், ஸ்பிரிங் எத்தனை இறுக்கமாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலையே இல்லை. பம்ப் தள்ளுகிற ஆயிலை பேரிங் இடைவெளிகள் எவ்வளவு தடுக்கின்றன என்பதுதான் அந்த எண். வாஷருக்கு முன்னாலும் பின்னாலும் அது மாறவில்லை. ஆக நான் எந்தக் கோளாறையும் மூடி மறைக்கவில்லை.

சரி, கோளாறே இல்லையென்றால் எதற்குப் போட்டேன்?

இங்கேதான் நான் தடுமாறுகிறேன். புதிதாக ஓவர்ஹால் செய்த இன்ஜின் இன்னும் ஒரு நிலைக்கு வராத இன்ஜின். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பொருந்திக்கொண்டிருக்கும், அந்த உராய்வில் சூடு கூடும், சூடு கூடினால் ஆயில் மெலியும், பிரஷர் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதற்குள் நாடி பிடித்து மருந்து எழுதுகிற மாதிரிதான் அந்த நேரத்தில் ஊசியைத் திருத்துவது. ரிங் செட்டாகி ஆயில் செலவாவது ஒரு அளவில் நின்ற பிறகு அந்த 62 தானாகவே சில புள்ளிகள் ஏறியிருக்கலாம். ஏறாமலும் போயிருக்கலாம், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாஷர் போட்டால் சும்மா விட முடியாது, ஆயில் சூடேறும் வரை தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்-இன் காலத்தில், அதாவது ரிங் பொருந்துகிற இந்த ஆரம்ப நாட்களில், எதைச் செய்யாதே என்கிறார்களோ அதுதான் அது. மினரல் ஆயில் ஊற்றி 65 முதல் 75 சதவீத பவரில் பறக்க வேண்டிய இன்ஜினை, காற்று சரியாக ஓடாத இடத்தில் குறைந்த பவரில் உறும விட்டால் சிலிண்டர் சுவர் வழவழப்பாகி (கிளேஸ் ஆகி) ரிங் பொருந்தாமல் போய்விடும் என்று பாடம் நடத்துகிறவனே நான். குறைந்த நேரம்தான் ஓட்டினேன், மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பித்தான் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு மனிதரின் நிம்மதிக்காக அந்த ஓட்டம் தேவையா? பிரஷரைப் பார்த்துப் பார்த்து பயந்துகொண்டே பறக்கிறவர் பவரைக் குறைத்து வைப்பார், அதுவும் ரிங்குக்குக் கெடுதல்தான். இதையும் நான் யோசித்தேன். அப்போதே யோசித்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல வராது.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தால் ஊசி 95 வரை ஏறி நிற்கிறது என்று பிறகு அவரே வந்து சொன்னார். ஸ்டார்ட்டில் 100 வரை போகலாம், சூடானதும் இறங்கிவிடும் என்றேன். "அதுவும் லிமிட்டுக்குள்ளதானா?" என்று சிரித்தார். வாஷரைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் அவசரமாக வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஓர் இன்ஜினிலும் கிட்டத்தட்ட இதே எண்கள். இந்த முறை, ரிங் செட் ஆகட்டும், அதுவரை தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த விமானத்தின் சொந்தக்காரர் வேறொரு ஆளிடம் போய் வாஷர் போட்டுக்கொண்டார். நன்றாகத்தான் ஓடுகிறதாம்.