சமூக வன வளத் திட்டம்: ஊர் எழுத வேண்டிய ஏடு

சமூக வன வள உரிமைச் சான்று, அதாவது ஊர் வழக்கமாகப் பயன்படுத்திவந்த காட்டின் மீது அதற்குள்ள உரிமையை ஏற்று அரசு தரும் ஆவணம், கைக்கு வந்த நாளோடு வேலை முடிந்துவிட்டதென்று பல ஊர்கள் நினைத்துவிடுகின்றன. உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தக் காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. எப்படி நிர்வகிப்பது என்பதை எழுதிவைக்காத ஊரில் வனத்துறையின் பழைய திட்டமே ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் சிக்கல், இந்தத் திட்டத்துக்கான கிராம சபைக் கூட்டம் எங்கே என்பது. பல குக்கிராமங்களைக் கொண்ட ஊராட்சியில் பொதுவான கிராம சபையைக் கூட்டினால் காட்டோரத்தில் வாழ்பவர்களின் குரல் அமுங்கிப்போகும். 2012-இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள் குக்கிராமங்களையும் அளவை செய்யப்படாத குடியிருப்புகளையும் பட்டியலிடச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 120 பேர் கொண்ட சபை என்றால் குறைந்தது 60 பேர், அதில் 20 பெண்கள். வீடு வீடாகப் போய்ப் பின்னர் கையெழுத்து வாங்கிய தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் கேள்விக்குள்ளாக்கலாம்.

அடுத்தது வரைபடம். பெரியவர்களோடும் விறகு, கிழங்கு, தேன் எடுக்கப் போகிறவர்களோடும் எல்லையை நடந்து, ஓடை, முகடு, சாமி இடம் ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கள். பக்கத்து ஊராரையும் கூப்பிடுங்கள். எல்லையில் தகராறு வந்தால் உரிமைக் கோரிக்கைகளைச் சரிபார்க்க இரண்டு ஊர்களின் கிராம சபைகளும் அமைத்த வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி.

திட்டத்தில் 'காட்டைப் பாதுகாப்போம்' என்று எழுதுவதால் பயனில்லை. எந்த இடம், என்ன வேலை, எந்த மாதம், யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். நெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள்: கிளையை ஒடிக்காமல் பறிப்பது, மரத்துக்கு இவ்வளவு காய் விடுவது, புல்லுருவியை வெட்டுவது. காட்டை ஆக்கிரமிக்கும் களையான உண்ணிச்செடியை (லந்தானா) மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். ஆணிவேரை மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாக வைக்க வேண்டும், அதுவும் காய் பிடிப்பதற்கு முன்பே. தீத்தடுப்புக் கோடுகளைத் தை மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

'எங்கள் பணித் திட்டத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள்' என்று வனத்துறை அதிகாரி சொன்னால் வன உரிமை விதிகளில் உள்ள விதி 4-ஐக் காட்டுங்கள். ஊரின் திட்டத்தை வனத்துறைத் திட்டத்தோடு இணைக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன மாற்றம் தேவை என்பதை முடிவு செய்வது, காட்டைக் காக்கக் கிராம சபை அமைக்கும் குழு. என் பார்வையில் அந்த விதியிலேயே வலுவான வரி இதுதான்.

மகாராஷ்டிரத்தின் மெண்டா லேகா கிராமம் 2009-இல் சுமார் 1,800 எக்டேருக்குச் சமூக வன உரிமை பெற்றது. மூங்கிலைத் தானே விற்க, அதை வெளியே கொண்டுபோவதற்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டுப் புத்தகம் 2011-இல்தான் அதன் கைக்கு வந்தது. இன்றைய விதிப்படி மூங்கில், தேன் போன்ற சிறுவன மகசூலுக்கான அந்தச் சீட்டைக் கிராம சபையின் குழுவே தரலாம். சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் மிஞ்சும் அடிச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, அடுத்த ஆண்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ சபைக்கு அது வேண்டும்.