சுயசான்று அனுமதி: பதிவேற்றுவதற்கு முன் டேப்பை எடுங்கள்

தமிழ்நாட்டில், விவரங்கள் சரி என்று நாமே உறுதி கூறும் சுயசான்று முறையில் வீடு கட்ட அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும், 7 மீட்டர் உயரம்: தொடங்கியபோது வரம்பு இதுதான். ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டினால் அனுமதி கிடைத்துவிடும். வீடு கட்ட நினைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் முன்பு அலுவலகம் சரிபார்த்ததை இப்போது நாம்தான் சரிபார்க்க வேண்டும். இணையதளத்துக்கு நாம் கொடுக்கும் எண் மட்டுமே தெரியும், மனை தெரியாது. தப்பு அங்கேதான் நுழைகிறது.

பத்திரத்தில் சதுர அடி இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் இருக்கும் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்). 40-க்கு 60, ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி என்றால் பட்டாவில் 0-02.23 இருக்க வேண்டும். அதுவே 0-02.15 என்றிருந்தால் 215 சதுர மீட்டர், அதாவது 2,314 சதுர அடிதான். 86 சதுர அடி குறைகிறது. 40 அடி அகல மனையில் அது நீளவாக்கில் 2 அடிக்கு மேல். பத்திர அளவை நம்பி வரைந்தால் பின்பக்கம் விட்ட இடைவெளியில் அந்த 2 அடி போய்விடும். நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்து, இரண்டு முக்கோணமாகப் பரப்பைக் கணக்கிடுங்கள். பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ, அதை வைத்து வரையச் சொல்லுங்கள். பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால், உங்கள் பங்கைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவை முதலில் முடியுங்கள்.

அடுத்தது உயரம். அடித்தளம் 2 அடி, உள்ளே 10 அடி, 5 அங்குலக் கான்கிரீட் என்று இரண்டு தளம் போட்டால் 22 அடி 10 அங்குலம், 6.96 மீட்டர். மழைத்தண்ணீருக்குப் பயந்து அடித்தளத்தை 3 அடியாக்கினாலே 7.26 ஆகிவிடும். அதனால் சாலை மட்டத்தைப் பார்த்து அடித்தள உயரத்தை முடிவு செய்துவிட்டுத்தான் வரைபடத்துக்குப் போக வேண்டும். வரம்பு மாறியிருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தெலங்கானாவில் 2020-இல் வந்த முறையிலும் 500 சதுர மீட்டர் மனை, 10 மீட்டர் உயரம் வரை சுயசான்றுதான். பெரிய கட்டடங்களுக்கு 21 நாள் கெடு. அங்கே அனுமதிக்குப் பிறகு களத்தில் போய்ச் சரிபார்ப்பதும் முறையின் ஒரு பகுதி. என்னைக் கேட்டால், அது இல்லாத சுயசான்று பக்கத்து வீட்டுக்காரருக்கு அநியாயம்.

வரைபடத்தைக் கோப்பாக ஏற்றி மென்பொருளே சரிபார்க்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மனை எல்லைக் கோடு ஒரு மூலையில் நூலிழை திறந்திருந்தாலும் மென்பொருளுக்குப் பரப்புக் கணக்கு வராது. மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராகப் படித்தால் எல்லா அளவும் தாறுமாறாகிவிடும்.

அனுமதி வந்தபின் கடைக்கால் குறிக்கும் அன்று, சுவர்க் கயிற்றிலிருந்து எல்லை வரை டேப் பிடித்து நான்கு பக்கமும் எண் தெரியப் படமெடுத்து வையுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு அரை அடி தள்ளி வைக்க முடியாது.