ஒஹையோ யூட்டிக்கா லீஸ்: லேண்ட்மேன் வந்ததுல இருந்து ராயல்டி வர்ற வரைக்கும் எங்க அனுபவம்

கொலம்பஸ்ல இருந்து கிழக்கே போனா கர்ன்சி கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), அங்க எங்களுக்கு 40 ஏக்கர் இருக்கு, பாதி காடு, பாதி புல்லு வளக்கிற நிலம், வாங்கினப்ப எண்ணெய் பத்தி யாரும் யோசிக்கல, பசங்களுக்கு ஒரு வெளியிடம் வேணும்னுதான் வாங்கினோம். யூட்டிக்கான்னா ஒஹையோவுல ஆழத்துல இருக்கிற, எண்ணெயும் கேஸும் அடைஞ்ச ஷேல் பாறை அடுக்கு. 2011 வாக்குல அந்தப் பரபரப்பு எல்லாம் கேரல் கவுண்டி பக்கம்தான். மேற்கே எண்ணெய் அதிகமா இருக்கிற பகுதியில துளை போட்டுப் பாத்த சில கம்பெனிங்க அழுத்தம் போதல, வரவு கட்டுப்படியாகலன்னு கிளம்பிட்டாங்க. அப்புறம் பக்கவாட்டுல ரெண்டு மூணு மைல் துளைக்கிற டெக்னாலஜி நல்லா வந்ததும் அதே இடத்துக்கு மவுசு திரும்பிடுச்சு. 2022 நவம்பர்ல ஈஓஜிங்கிற எண்ணெய் கம்பெனி இங்க 3,95,000 ஏக்கர் சேத்துட்டோம்னு அறிவிச்சதுக்கப்புறம் யாரைப் பாத்தாலும் லீஸ் பேச்சுதான்.

எங்ககிட்டயும் ஒரு லேண்ட்மேன் வந்தார், அதாவது கம்பெனிக்காக நிலத்துக்காரங்ககிட்ட பேசி, அடியில இருக்கிற எண்ணெயை எடுக்க லீஸ் எழுதி வாங்குறவர். தன்மையான ஆளு, காப்பி குடிச்சிட்டு பேசினார், ஆனா கையெழுத்து மட்டும் இந்த வாரமே வேணும்னார். அவசரம் அவங்களுக்குத்தான், நமக்கு இல்ல, இதைத்தான் இப்ப யார் கேட்டாலும் முதல்ல சொல்றேன்.

ஊர்ல அப்பாகிட்ட போன்ல சொன்னப்ப அவர் நம்பவே இல்ல. திருவாரூர் பக்கம் வயலுக்கு நடுவுல ஓஎன்ஜிசி கிணறு பாத்தவர் அவர், அங்க அடியில இருக்கிற எண்ணெய் அரசாங்கத்தோடது, நிலத்துக்காரருக்கு மேல் நிலத்துக்கான பணமும் பயிர் நஷ்டஈடும்தான். இங்க அடியில இருக்கிறதும் தனியார் சொத்து. ஆனா மேல் நிலம் ஒருத்தர் பேர்லயும் அடியில இருக்கிற எண்ணெய் வேற ஒருத்தர் பேர்லயும் இருக்கலாம், நூறு வருஷத்துக்கு முன்னாடி வித்தவர் "எண்ணெய், கேஸ் உரிமை எனக்கே"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா அது இன்னைக்கும் செல்லலாம்.

அதனால லீஸைப் படிக்கிறதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்ல இருக்கிற கவுண்டி ரெக்கார்டர் ஆபீசுக்கு, அதாவது பத்திரங்களைப் பதிஞ்சு வைக்கிற இடத்துக்குப் போனோம். நாங்க யார்கிட்ட வாங்கினோம், அவர் யார்கிட்ட வாங்கினார்னு ஒவ்வொரு பத்திரமா பின்னாடி போகணும், பழசெல்லாம் கையெழுத்துல இருக்கு, நடுவுல யாராவது இறந்திருந்தா உயில் பாக்க ப்ரொபேட் கோர்ட்டுக்கும் போகணும். என் மனைவி பொறுமையா உக்காந்து 1920கள்ல எழுதின ஒரு பத்திரத்துல அந்த வரியைக் கண்டுபிடிச்சா: வித்தவர் பாதி உரிமையைத் தன்கிட்டயே வச்சிருக்கார். லேண்ட்மேன் கொடுத்த பேப்பர்ல 40 ஏக்கரும் எங்களோடதுன்னு நாங்களே உத்தரவாதம் கொடுக்கிற மாதிரி ஒரு வரி இருந்துச்சு, அப்படியே கையெழுத்து போட்டிருந்தா பின்னாடி வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

இதுக்கு ஒஹையோவுல டார்மன்ட் மினரல் ஆக்ட்னு ஒரு சட்டம் இருக்கு. 20 வருஷம் அந்த உரிமையை வச்சு ஒண்ணுமே நடக்கலன்னா மேல் நிலத்துக்காரர் அதைக் கேக்கலாம். தானா வந்து சேராது, அதை 2016-லயே ஒஹையோ சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, வாரிசுகளைத் தேடி நோட்டீஸ் அனுப்பணும், கிடைக்கலன்னா பேப்பர்ல விளம்பரம் கொடுக்கணும். எவ்வளவு தூரம் தேடணும்னு 2020-ல வந்த தீர்ப்பே கர்ன்சி கவுண்டி நிலத்தைப் பத்தினதுதான். எங்க வக்கீல் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார், வித்தவரோட பேத்தி, வேற மாநிலத்துல இருக்கிற வயசானவங்க, 60 நாள் கெடுவுக்குள்ள உரிமை கோரி பதிஞ்சுட்டாங்க. ஆக எங்களுக்குப் பாதிதான். எனக்கு அதுல வருத்தம் இல்ல, அது அவங்க தாத்தா வச்சிட்டுப் போன சொத்து.

இதுக்கு நடுவுல தினமும் நான் பாத்தது மாநில இயற்கை வளத் துறையோட கிணறு மேப். யாருக்கு பெர்மிட் கொடுத்திருக்காங்க, பக்கவாட்டுத் துளை எந்தத் திசையில போகுது எல்லாம் அதுலயே தெரியும், பக்கவாட்டுக் கிணறுகள்ல எவ்வளவு எண்ணெய் வந்துச்சுன்னு மூணு மாசத்துக்கு ஒருமுறை கணக்கும் வெளியிடுறாங்க, எல்லாம் இலவசம். எங்க நிலத்துக்கு ரெண்டு மைல் தள்ளி பெர்மிட் வந்து, அந்தக் கோடு எங்க பக்கம் பாத்து இருந்ததும் பேரம் பேச தைரியம் வந்துச்சு. ஆனா ரொம்பவும் இழுக்க முடியாது, யூனிட்ல, அதாவது கிணறு போட ஒண்ணா சேக்கிற நிலங்கள்ல, 65 சதவீதம் கையில வந்துட்டா மீதியையும் சேக்கச் சொல்லி கம்பெனி மாநிலத்துகிட்ட மனு போடலாம், அப்புறம் நிபந்தனையை எழுதுறது நாம இல்ல.

எல்லாரும் போனஸ் எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. போனஸ் லீஸ்ல கையெழுத்து போட்டதுக்கு ஒரு தடவை வர்ற பணம், ராயல்டிதான், அதாவது எடுக்கிற எண்ணெய் வித்த பணத்துல நம்ம பங்குதான், வருஷக்கணக்கா வர்றது, அதனால நாங்க போனஸ்ல கொஞ்சம் விட்டுக்கொடுத்து 18 சதவீத ராயல்டி வாங்கினோம். அதை விட முக்கியம், குழாய்ச் செலவு, கம்ப்ரெஸ் பண்ற செலவு எதையும் அதுல கழிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினது. லீஸும் ஒரு ஒப்பந்தம்தான், அதுல என்ன எழுதியிருக்கோ அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்ங்கிற மாதிரிதான் கோர்ட்டும் சொல்லியிருக்கு, அதனால எழுதாத எதையும் நம்ப வேண்டாம். எங்க நிலத்து மேல துளை போடுற ரிக்கோ ரோடோ வரக் கூடாது. யூனிட்ல சேராத ஏக்கர் அஞ்சு வருஷம் முடிஞ்சதும் எங்களுக்கே திரும்பணும், இதை ப்யூ கிளாஸ்ன்னு சொல்வாங்க, இது இல்லன்னா ரெண்டு ஏக்கர் யூனிட்ல மாட்டினாலே எண்ணெய் வந்துட்டு இருக்கிற வரைக்கும் மொத்த நிலமும் அவங்க கையிலயே நிக்கும். உத்தரவாத வரியையும் எடுக்க வச்சோம்.

துளை போடுறதுக்கு முன்னாடி, கிணறு வாயிலிருந்து 1,500 அடிக்குள்ள இருக்கிற தண்ணிக் கிணறுகளை கம்பெனியே சோதிக்கணும்னு சட்டம். எங்க கிணறு அந்த எல்லைக்கு வெளியில, அதனால சொந்தச் செலவுல லேப்ல கொடுத்து ரிசல்ட்டை எடுத்து வச்சோம், இதுல மட்டும் காசு பாக்காதீங்க, நாளைக்கு தண்ணி கெட்டா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட வேற எந்த ஆதாரமும் கிடையாது.

எண்ணெய் வந்தப்புறம் டிவிஷன் ஆர்டர்னு ஒரு பேப்பர் வரும், அதுல நம்ம பங்கு தசம எண்ணா இருக்கும். கையெழுத்துக்கு முன்னாடி நீங்களே போட்டுப் பாருங்க: யூனிட் 1,000 ஏக்கர்னா, 40-ல பாதி 20, அதை ஆயிரத்தால வகுத்து 18 சதவீதத்தால பெருக்கினா 0.0036. மாசம் 20,000 பேரல், பேரல் 70 டாலர்னா நம்ம பங்கு 5,040 டாலர், வரிக்கு முன்னாடி. இதை நம்பி வீட்டுக் கடன் வாங்கிடாதீங்க, ஷேல் கிணறு முதல் வருஷத்துலயே வேகமா இறங்கிடும், விலையும் நம்ம கையில இல்ல. பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தருக்கு வந்த ஆர்டர்ல ஏக்கர் கணக்கே குறைஞ்சு இருந்துச்சு, சர்வே பேப்பரை வச்சு எழுதிக் கேட்டதும் திருத்திக் கொடுத்தாங்க. அதனால சர்வே, பத்திரம், லீஸ் மூணையும் ஒரே ஃபைல்ல வைங்க, மாசாமாசம் செக்கோட வர்ற கணக்குச் சீட்டையும் (செக் ஸ்டப்) அதுலயே போட்டு வைங்க.