41ஆம் நாள் போன கடிதம்

துபாயில் நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்துக்கு இரண்டு தளம் பேஸ்மென்ட். தோண்ட ஆரம்பித்ததும், மண் பரிசோதனை அறிக்கையில் இருந்ததைவிட அதிகமாக ஊற்று பொங்கியது. பம்ப் மேல் பம்பாக இறக்கினோம். டீசல் பில் நாளுக்கு நாள் ஏறியது.

ஒப்பந்தம் 1999ஆம் வருட ஃபிடிக் சிவப்புப் புத்தகம்; ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிடும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தம். எதிர்பார்க்க முடியாத நிலச்சூழல் குறுக்கே வந்தால் கான்ட்ராக்டருக்குக் கூடுதல் நாளும் செலவும் உண்டு என்கிறது அதன் 4.12ஆம் விதி. ஆனால் 20.1 கறார். விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் நாளும் கிடையாது, காசும் கிடையாது.

கட்டட உரிமையாளரான கிளையண்ட் சார்பில் வேலையைக் கண்காணிக்கும் கன்சல்டன்டுக்கான கடிதத்தை, ஊற்று பொங்கிய 10ஆம் நாளே அடித்து எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் மேசையில் வைத்தேன். நாகர்கோவில்காரர், என்னைவிட மிகவும் மூத்தவர். "தம்பி, வேலை தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. இப்பவே நோட்டீஸ் அனுப்பினா கன்சல்டன்ட் நம்மள ஒரு மாதிரி பாப்பான். நான் வாயால சொல்லியிருக்கேன்" என்றார். கடிதம் 41ஆம் நாள் போனது. மூன்றே வரியில் நிராகரிப்பு வந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 'நோட்டீஸ்' என்றாலே நம் காதில் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் விழுகிறது. சில மாதம் கழித்து கன்சல்டன்ட் தரப்பு எகிப்திய இன்ஜினியர் தேநீர் நேரத்தில் சொன்னார்: "அன்றைக்கே ஒரு பக்கம் எழுதியிருந்தால் நானே வந்து பம்புகளை எண்ணியிருப்பேன். இப்போது கிளையண்டிடம் எதைக் காட்டுவேன்?"

இன்னொன்று உறுத்தியது. அதே புத்தகத்தில் கிளையண்ட் நம்மிடம் கேட்கும் தொகைகளுக்கு (2.5) அந்த 28 நாள் கத்தி இல்லை, 'இயன்றவரை விரைவில்' சொன்னால் போதுமாம். 2017 பதிப்பில்தான் இருவருக்கும் ஒரே கெடு வைத்தார்கள். அதிலும் முழுசாக மகிழ முடியாது. அச்சடித்த பொது நிபந்தனைகளோடு கிளையண்ட் கோத்து அனுப்பும் சிறப்பு நிபந்தனைகள் இருக்கின்றனவே! இரண்டும் முரண்பட்டால் ஜெயிப்பது சிறப்பு நிபந்தனைகள்தான். அடுத்து நான் பார்த்த ஒப்பந்தத்தில் 4.12க்கு எதிரே ஒரே சொல்: 'நீக்கப்பட்டது'. அதைப் படிக்காமல் டெண்டருக்கு விலை போட்டவர்கள் தண்ணீர் இறைக்கத் தனியாக ஒரு திர்ஹம்கூட வைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தையும் நான் சிறப்பு நிபந்தனைகளில் இருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

பேஸ்மென்ட் கதைக்கே வருகிறேன். மேலே நாலாவது மாடி ஏறியபோது, கன்சல்டன்ட் ஆள் சைட்டில் நின்றபடியே ஒரு சுவரைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். 3.3இன்படி, வாய்மொழி உத்தரவை இரண்டு வேலை நாளுக்குள் நாம் எழுதி உறுதிப்படுத்தலாம். அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் மறுத்து எழுதாவிட்டால் அதுவே எழுத்து உத்தரவாகிவிடும். அன்று சாயங்காலம், வண்டியில் ஏறப்போன என்னை நாகர்கோவில்காரர் போனில் பிடித்தார்.

"தம்பி, அந்த ரெண்டு நாள் லெட்டர் அடிச்சாச்சா? அடிச்சிட்டுப் போ. நான் கையெழுத்துப் போட உக்காந்திருக்கேன்."